வண்டியில் போன நடைப்பயணம்

இந்த மாலை விழாவுக்குத் தலைமையேற்று, அமர்ந்திருக்கும் நாற்காலிக்கே அழகு சேர்த்துக்கொண்டிருக்கிற எங்கள் பள்ளிப் பெற்றோர் கழகத் தலைவர், பெருந்தகை சௌந்தரபாண்டியன் அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் மேன்மக்களே, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ரயிலேறி வந்து நடுவரிசையை நிரப்பியிருக்கும் சகோதரப் படையின் சாரணர்களே, மில்லில் ஷிப்ட் முடிந்து, தலையில் ஒட்டிய பஞ்சைக்கூடத் தட்டிவிடாமல் நேரே இங்கு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, தந்தைமார்களே, கதவோரத்தில் நின்றபடி கூட்டம் எப்போது கலையும் என்று அன்போடு காத்திருக்கும் அண்ணாச்சிமார்களே, இவர்கள் எல்லாருக்கும் முன்னால், நீலச் சீருடையில், முதுகு வளையாமல் அமர்ந்திருக்கும் என் சாரணியர் படைக் கண்மணிகளே, உங்கள் தமிழாசிரியை, உங்கள் படைத்தலைவி, கிருபாபாய் டீச்சரின் கைகூப்பிய வணக்கம்.

எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் தலைப்பு, ‘இளையோர் சாகசப் பயணங்களைத் திட்டமிடுவது எப்படி’. அழைப்பிதழில் இதைப் பார்த்தபோது சிரித்தேன். சிரித்து முடித்தபிறகு இந்த உரையை எழுத உட்கார்ந்தேன்.

திட்டமிடத் தெரியாதவர்களா நாம்? தேர்த் திருவிழாவுக்குத் திட்டமிடுகிறோம். திருமணத்துக்குத் திட்டமிடுகிறோம். தேர்வுக்குத் திட்டமிடுகிறோம். பெண்பிள்ளை பிறந்த செய்தி காதில் விழுந்த கணமே அவளைக் கட்டிக்கொடுப்பதற்குத் திட்டமிடத் தொடங்கிவிடுகிறோம். ஆனால் அந்தப் பிள்ளை தன் சொந்தக் காலால், தன் சொந்த முதுகில் ஒரு பையைச் சுமந்து, ஒரு பகல் முழுக்க நடந்துவிட்டு வருவதற்கு, இந்த ஊரில் இதுவரை யாராவது திட்டமிட்டிருக்கிறோமா? தலைவர் அவர்கள் இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். பாருங்கள் ஐயா. மூன்று பேர் பேசி முடித்தபிறகு ஒலிவாங்கி என் கைக்கு வந்திருக்கிறது. அவ்வளவு லேசில் திருப்பித் தருவதாக இல்லை.

இது எந்த ஊர்? பஞ்சை நூலாக்கி, நூலைத் துணியாக்கி, துணியைக் கட்டுத்துணியாக்கி, நாடெங்கும் மருத்துவமனைகளுக்கு அனுப்பிவைக்கிற ஊர். எங்கோ முகம் தெரியாத ஒருவருக்குக் காயம் பட்டால், அதன்மேல் போய் விழுகிற வெள்ளைத் துணி நம் ராஜபாளையத்துத் துணி. அந்த ஊரின் பெண்பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகளாக நான் முதலுதவி கற்பிக்கிறேன். முழங்கைக்குக் கட்டு, முழங்காலுக்குக் கட்டு, கணுக்காலுக்குக் கட்டு. எல்லாக் கட்டும் அழகாகப் போடுவார்கள். யாருக்குப் போடுவார்கள்? ஒருவருக்கொருவர் போட்டுக்கொள்வார்கள். எல்லாம் நல்ல முழங்கால்கள். ஒரு சிராய்ப்பு கிடையாது, ஒரு தழும்பு கிடையாது. மண்ணைத் தொட்டே அறியாத முழங்கால்களுக்கு என் பிள்ளைகள் மாறிமாறிக் கட்டுப் போட்டு, அவிழ்த்து, சுருட்டி, மறுபடி பெட்டிக்குள் வைக்கிறார்கள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள் தாயே, நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

சென்ற தை மாதம் நடந்ததைச் சொல்கிறேன். இந்த அரங்கில் பாதிப் பேர் அந்தக் கதைக்குள் இருக்கிறீர்கள். ஆனாலும் யாருமே அதைப் பற்றிப் பேசுவதில்லை. சற்று முன் தலைவர் அவர்கள் தம் உரையில், சென்ற தை மாதச் சாகச முகாம் சீரோடும் சிறப்போடும் நடந்தேறியது என்று பாராட்டினார்கள். நீங்களும் கைதட்டினீர்கள். நான் தட்டவில்லை. அதைக் கவனித்தவர்கள் கவனித்திருப்பீர்கள்.

என் படையில் கார்த்திகா என்று ஒரு பெண். அப்போது ஒன்பதாம் வகுப்பு. ஓய்வுபெற்ற ராணுவ ஹவில்தார் விஜயபாண்டி அவர்களின் மகள். ஆறு பேர் கொண்ட ஓர் அணிக்கு அவள் தலைவி. அதோ நான்காவது வரிசையில், அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் இருக்கிறாள். சீருடையில் இல்லை. அவள் சீருடை போட்டுப் பல மாதம் ஆகிறது. நிமிர்ந்து பார் அம்மா. சரி, வேண்டாம். நீ குனிந்தே இரு, நான் இவர்களிடம் பேசிக்கொள்கிறேன்.

அந்தப் பயணத்தைத் திட்டமிட்டவள் அவள். நான் அல்ல, இந்த மேடையில் இருக்கும் யாரும் அல்ல, அவள். இங்கிருந்து காலை ரயிலில் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் வத்திராயிருப்பு. அங்கிருந்து எல்லாருமாக வாய்க்கால் கரையோடு நடந்து கூமாப்பட்டி. ஊருக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஒரு தென்னந்தோப்பு. அங்கே கூடாரம் அடித்து, தாங்களே சமைத்து, ஓர் இரவு தங்கி, மறுநாள் அணைக்குப் போகும் சாலை வரை நடந்துவிட்டுத் திரும்புவது. எந்தக் குழாயில் நல்ல தண்ணீர் வரும், எந்த மரத்தடியில் உட்காரலாம், எந்தக் கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் இல்லை, எவர் வீட்டு நாயைக் கட்டிப்போடச் சொல்ல வேண்டும், எல்லாம் அவள் விசாரித்தாள். வனத்துறை எல்லைக்கல் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, வரைபடத்தில் அங்கே சிவப்பு மையில் ஒரு கோடு போட்டு, இதற்கு அந்தப் பக்கம் ஒரு கால்கூட வைக்கக் கூடாது என்று எழுதினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போய் அந்த வழி முழுக்க நடந்து பார்த்தாள். எனக்கு மூச்சு வாங்கியது. அவள் எனக்காக நின்று நின்று நடந்தாள்.

தோப்புக்காரர் சிவனாண்டி நல்ல மனிதர். “பிள்ளைக தாராளமா வந்து தங்கட்டும் டீச்சர். மோட்டார் ரூமைத் திறந்துவிடுதேன். மழை கிழை வந்தா உள்ள வந்து படுத்துக்கிடலாம்” என்றார். அன்று மாலை திரும்பும்போது பஸ்ஸில் கார்த்திகா என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “டீச்சர், நெசமாவே கூட்டிட்டுப் போயிருவீங்களா?” நான் ஆம் என்றேன்.

பிறகு, பெரியோர்களே, பெற்றோர் கூட்டம் போட்டோம்.

முதலில் ஒரு தாய் எழுந்தார். “அதெல்லாம் சரி டீச்சர், ரயில்ல கூட்டத்துல பிள்ளைகளுக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆயிட்டா?” நியாயமான கேள்வி. ரயில் வேண்டாம், நம் மில் வேன் இருக்கிறது என்று ஒரு தந்தை உதவிக்கு வந்தார். வேன் வந்ததும், வேனில்தான் இடம் இருக்கிறதே, துணைக்கு நாங்கள் இரண்டு பேர் வருகிறோம் என்று இரண்டு தாய்மார்கள் முன்வந்தார்கள். இரண்டு பேர் வந்தால் நான்கு பேர் வரக்கூடாதா? நான்கு பேர் வந்தால் அவர்கள் வீட்டுக்காரர்கள் வரக்கூடாதா? பிறகு அடுப்பு. “பிள்ளைக வெறகடுப்புப் பத்தவச்சுப் பாவாடையில தீப்புடிச்சிட்டா?” ஆகவே சமையல்காரர். அவர், இத்தனை சின்ன கூட்டத்துக்கெல்லாம் நான் அடுப்பு மூட்டுவதில்லை என்றார். ஆகவே சொந்தபந்தம். சொந்தபந்தம் வந்ததால் இன்னொரு வேன். பிறகு இரவு. “வயசுப்பிள்ளைகளை ராத்திரி தோப்புல படுக்கவைக்கவா? பொழுதுசாய வீட்டுக்கு வந்துரணும்.” ஆகவே இரவும் போயிற்று.

கடைசியில் எழுந்தவர் பாண்டீஸ்வரி அம்மா. என் படைப்பிள்ளை ஒருத்தியின் தாய். என்மேல் உயிராக இருப்பவர். “டீச்சர், அங்கனக்குள்ளதான் எங்க குலசாமி இருக்கு. சின்னவனுக்கு இன்னும் காது குத்தலை. எப்படியும் எல்லாரும் வாரோம்லா, அப்படியே குத்திருவோமே. ஒரு கெடாவை மட்டும் புடிச்சுக்கிட்டாப் போதும்.”

அரங்கமே ஆர்ப்பரித்தது. ஆம், அப்படித்தான், தாய்மார்களே, நம் பிள்ளைகளின் நடைப்பயணம் ஒரு காதுகுத்தாக மாறியது.

இதில் யாரை நான் நோவேன்? வேன் கொடுத்தது அன்பு. துணைக்கு வந்தது அன்பு. அடுப்பை வாங்கிக்கொண்டது அன்பு. இரவை வெட்டியது அன்பு. ஒவ்வொரு அன்பும் அந்தப் பயணத்தில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு போனது. எல்லா அன்பும் எடுத்தது போக, திட்டம் போட்ட பிள்ளையின் கையில் எதுவும் மிஞ்சவில்லை. கூட்டத்தின் மூலையில் வரைபடத்தைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அவள் நின்றாள். அவளிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த நாளும் வந்தது. என் பிள்ளைகள் சீருடை அணிந்து, தொப்பி அணிந்து, முதுகில் பை மாட்டி, தண்ணீர்க் குப்பி தொங்கவிட்டு, வேனில் ஏறி, தோப்பு வாசலில் இறங்கினார்கள். வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. உள்ளே பந்தல், பந்தலுக்குள் நாற்காலி, தென்னைமரத்தில் குழாய் ஒலிபெருக்கி. சிவனாண்டி என்னைத் தனியே கூப்பிட்டார். “பிள்ளைக நடந்து வரும்னுல்லா சொன்னிய டீச்சர். இது கல்யாண வீடுல்லா?” பிள்ளைகளை நிழலில் உட்காரவைத்தார்கள். வெயிலில் இறங்காதே, கறுத்துப் போவாய். மண்ணில் உட்காராதே, பூச்சி ஏறும். ஓடாதே, விழுவாய். சாகசம் செய்ய வந்த பிள்ளைகள் சாமியானாவின் கீழ் சர்பத் குடித்தார்கள். நாங்கள் கொண்டுபோன கூடாரத் துணியைச் சமையல்காரர் கேட்டு வாங்கி, தரையில் விரித்து, அதன்மேல் உட்கார்ந்து வெங்காயம் உரித்தார்.

கார்த்திகா என்னிடம் வந்தாள். அழவில்லை. “டீச்சர், நாம போட்டதுல நடக்கிறது மட்டுந்தான் மிச்சம் இருக்கு. அணைக்குப் போற ரோடு வரைக்கும் எங்க அணி மட்டும் போயிட்டு வந்திரட்டுமா? பந்தி போடுறதுக்குள்ள வந்திருவோம்.”

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? உங்களையே கேட்கிறேன். நானே நடந்து பார்த்த வழி. நல்ல பகல். காட்டுக்குள் போகாத கரை. மற்றப் பிள்ளைகளை விட்டுவிட்டு நான் நகர முடியாது. “போயிட்டு வாங்க. பிரியுற எடத்துல எல்லாம் அடையாளம் வச்சிட்டுப் போங்க” என்றேன். சாரணர் இயக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. முன்னே போகிறவர்கள், பாதை பிரியும் இடங்களில் சிறு கற்களை அம்புக்குறி போல அடுக்கிவைத்துவிட்டுப் போவார்கள். பின்னால் வருகிறவர் அதைப் பார்த்தே வந்துசேரலாம். பெற்றோர் கூட்டத்தில் இதை நான் படம் போட்டே விளக்கினேன். நல்லா இருக்கு டீச்சர் என்று நீங்களும் தலையாட்டினீர்கள்.

ஆறு பேரும் போனார்கள். சிறுவனுக்குக் காது குத்தினார்கள். அவன் அலறினான், எல்லாரும் சிரித்தார்கள். பந்தி விரித்தார்கள். கார்த்திகாவின் தாய் ஆனந்தவல்லி அம்மா, இலையின் முன்னால் மகளைத் தேடினார். காணவில்லை.

ஒலிபெருக்கியில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு நின்றது. கார்த்திகா எங்கிருந்தாலும் உடனடியாகப் பந்தலுக்கு வரவும் என்று மலை எதிரொலிக்க அறிவித்தார்கள். யாரோ காவல்துறையில் இருக்கும் தம்பிக்குப் போன் போட்டார்கள். யாரோ கிணற்றை எட்டிப் பார்த்தார்கள். யாரோ புலி என்றார்கள். நான் ஒவ்வொருவர் காதிலும் சொன்னேன். பயப்படாதீர்கள், நான்தான் அனுப்பினேன், இந்த வழியாகத்தான் போனார்கள், தரையில் அடையாளம் இருக்கும், பார்த்துக்கொண்டே போங்கள் என்று கத்தினேன். என்ன சொன்னார்கள் தெரியுமா? “டீச்சர் பாவம், பிள்ளையைக் காப்பாத்தப் பொய் சொல்லுதாவ.” ஒலிபெருக்கியின் தொண்டை என் தொண்டையைவிடப் பெரியது, ஐயா. தந்தைமார்கள் பைக்கை முடுக்கிக்கொண்டு நாலாப் பக்கமும் பறந்தார்கள்.

அவர்கள் போன பிறகு, மற்றப் பிள்ளைகளைத் தாய்மார்களிடம் ஒப்படைத்துவிட்டு, நான் தனியே நடந்து முதல் பிரிவுக்குப் போனேன். அங்கே வாய்க்கால் பாலத்தின் பக்கத்தில் என் பிள்ளைகள் கற்களை அடுக்கியிருக்கிறார்கள். அழகான அம்புக்குறி. அதன் நடுவே டயர்த் தடம். ஒன்றல்ல, பல. பிள்ளைகளைத் தேடிப் போன பெற்றோர்கள், பிள்ளைகள் தங்களுக்காக வைத்துவிட்டுப் போன குறியின்மேலேயே வண்டியை ஏற்றி, வேறு பாதையில் போயிருக்கிறார்கள். சிதறிக் கிடந்த கற்களைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு சோர்ந்து நான் நின்றதில்லை.

கொஞ்ச நேரத்தில் குரல் கேட்டது. வாய்க்கால் கரையில் ஆறு பேரும் வரிசையாக வந்தார்கள், பாடிக்கொண்டு வந்தார்கள். அணியின் கடைசிப் பிள்ளை எப்சி, ஒரு காலைக் கொஞ்சம் தாங்கித் தாங்கி நடந்தாள். முழங்காலில் வெள்ளைக் கட்டு. கட்டின்மேல் ஒரு ரூபாய் அகலத்துக்குச் சிவப்பு. கரையில் ஏறும்போது சறுக்கி விழுந்திருக்கிறாள். கார்த்திகா காயத்தைக் கழுவி, துடைத்து, கட்டுப் போட்டிருக்கிறாள். பெரியோர்களே, எத்தனையோ கட்டுகளை நான் சோதித்து மதிப்பெண் போட்டிருக்கிறேன். அதுபோல் ஒரு கட்டைப் பார்த்ததில்லை. எப்சி என்னிடம் காலைத் தூக்கிக் காட்டி, “டீச்சர், நெசமான ரத்தம்” என்றாள். அவ்வளவு பெருமை அந்தக் குழந்தைக்கு. ஒருத்தி, மலையணில் ஒன்று ஒரு மரத்திலிருந்து மறு மரத்துக்குத் தாவியதைப் பார்த்தோம் என்றாள். இன்னொருத்தி, அதன் வால் என் கை நீளம் என்றாள். கார்த்திகா முகம் முழுக்கச் சிரித்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தை நான் பார்த்துக்கொண்டேன். நல்ல வேளை, பார்த்துக்கொண்டேன்.

தோப்புக்கு வந்தோம். மற்ற ஐந்து பேரையும் அவரவர் தாய்மார்கள் கட்டிக்கொண்டு அழுதார்கள். அணித்தலைவியை யாரும் கட்டிக்கொள்ளவில்லை. அவளை விஜயபாண்டி அவர்கள் அடிக்கவில்லை. அடித்திருந்தால்கூடத் தேவலை என்று பிறகு பலமுறை நினைத்திருக்கிறேன். கையைப் பிடித்து ஒலிவாங்கிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். “ஏட்டி, எல்லாரையும் எம்புட்டுக் கலங்கடிச்சிட்ட. மைக்ல சொல்லு. மன்னிப்புக் கேளு. இனிமே போக மாட்டேன்னு சொல்லு.”

நான் குறுக்கே போனேன். நான்தான் அனுப்பினேன், என்னை மன்னிப்புக் கேட்கச் சொல்லுங்கள் என்றேன். டீச்சர், நீங்க சும்மா இருங்க, இது குடும்ப விஷயம் என்றார்கள். ஆசிரியைக்கு அவ்வளவு மரியாதை தருகிற ஊர் இது. அவள் ஒலிவாங்கியைப் பார்த்தாள், தன் அணியைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். இனிமேல் போக மாட்டேன் என்றாள். தோப்பு முழுக்கக் கேட்டது. பாட்டு மறுபடி தொடங்கியது. அவளை இலையில் உட்காரவைத்து, பாவம் பசியோடு இருப்பாள் என்று இரண்டு துண்டு கறி கூடுதலாக வைத்தார்கள். வைத்ததையெல்லாம் அவள் சாப்பிட்டு முடித்தாள்.

தலைவர் அவர்களே, துண்டுச் சீட்டு வந்துசேர்ந்தது. ‘சுருக்கமாக முடிக்கவும்’ என்று இருக்கிறது. முடித்துவிடுகிறேன் ஐயா. எனக்கும் இதை நீட்ட ஆசை இல்லை.

ஹவில்தார் விஜயபாண்டி அவர்களே, உங்களை எனக்குப் பிடிக்கும். உங்களைச் சங்கடப்படுத்துவதற்காக இந்த மேடை ஏறவில்லை. ஆனாலும் கேட்கிறேன். மீசை முழுதாக முளைக்காத வயதில் ராணுவத்துக்கு ரயில் ஏறினீர்களே, பெற்றவர்கள் வேன் பிடித்துப் பின்னால் வந்தார்களா? எல்லையில் பனிக்குள் காவல் நின்றீர்களே, கறுத்துப் போவான், பூச்சி கடிக்கும் என்று யாராவது குடை பிடித்தார்களா? நாட்டின் எல்லையை நம்பி உங்களிடம் விட்டார்கள். ஒரு வாய்க்கால் கரையை நம்பி உங்கள் மகளிடம் விடக்கூடாதா? நாளைக்கு அவள் படிக்கப் போவாள், வேலைக்குப் போவாள், கல்யாணமாகி எங்கோ ஓர் ஊரில் தனியாக ஒரு முடிவெடுக்க வேண்டிய நாள் வரும். அன்றைக்கு எந்த வேன் அவள் பின்னால் போகும்? எந்த ஒலிபெருக்கி அவளைப் பந்தலுக்குத் திரும்பக் கூப்பிடும்? சொல்லுங்கள் பெற்றவர்களே, விழாத பிள்ளைக்கு எழுந்து நிற்க யார் கற்றுக்கொடுப்பது? வழி தவறாத பிள்ளைக்கு வழி கண்டுபிடிக்க யார் கற்றுக்கொடுப்பது? காயத்துக்குத் துணி நெய்யத் தெரிந்த நமக்கு, காயத்தைத் தாங்கும் பிள்ளையை வளர்க்கத் தெரியவில்லையே, இது எந்த ஊர் நியாயம்?

கைதட்ட வேண்டாம். தயவுசெய்து தட்டாதீர்கள். தட்டிவிட்டு அப்படியே வீட்டுக்குப் போய்விடுவீர்கள்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. வருகிற தையில் மறுபடி அந்த வழியில் நடக்கப்போகிறோம். வேன் இல்லை, கிடா இல்லை, பந்தல் இல்லை. நானும் பிள்ளைகளும் மட்டும். கார்த்திகாவின் அணியில் இருந்த ஐந்து பேரும் என்னிடம் சொல்லிவிட்டார்கள், கார்த்திகா வந்தால்தான் வருவோம் என்று. அவள் வராவிட்டால் அந்த அணி இல்லை. அந்த அணி இல்லாவிட்டால் என் படை வெறும் அணிவகுப்புப் படை, கொடி ஏறும்போது நிற்கவைக்க மட்டும் ஆகும். விஜயபாண்டி அவர்களே, இத்தனை பேர் முன்னிலையில், ஓர் ஆசிரியை உங்களிடம் கையேந்துகிறேன். அந்தப் பிள்ளையை அனுப்பிவையுங்கள்.

எழுந்துவிட்டார். பேசுங்கள் ஐயா. யாராவது அவரிடம் ஒரு மைக் கொடுங்கள். இல்லையா? சரி, சத்தமாகச் சொல்லுங்கள், நான் இங்கிருந்து திருப்பிச் சொல்கிறேன்.

“டீச்சர், நான் தடுக்கலை.” அப்படியா? “அன்னைக்குக் கோவத்துல சொன்னதுதான். பொறவு நானே அவகிட்ட எத்தனையோ தடவை சொல்லிட்டேன், போயிட்டு வாட்டின்னு. சீருடை கூடப் புதுசா தச்சு வச்சிருக்கேன். அவதான் போக மாட்டேங்கா. தெரு முக்குக் கடைக்கே தனியா போக மாட்டேங்கா டீச்சர். நீங்களே கேளுங்க.”

பின்வரிசையில் இருப்பவர்களுக்குக் கேட்டதா? தந்தை தடுக்கவில்லையாம். உட்காருங்கள் ஐயா. கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள். உங்களை எதிர்த்துப் பேசத்தான் ஒரு வாரமாக நான் உரை தயாரித்தேன். இப்போது எதிரில் யாரும் இல்லை.

கார்த்திகா. எழுந்திரு அம்மா. பயப்படாதே, மன்னிப்புக் கேட்க இல்லை. இந்த மேடையில் உன்னை யாரும் அப்படிக் கேட்க நான் விடமாட்டேன். அப்பா போ என்கிறார். நான் வா என்கிறேன். உன் அணி உனக்காக நிற்கிறது. வருகிறாயா?

என்ன? கேட்கவில்லை அம்மா. எல்லாரும் கொஞ்சம் அமைதியாக இருங்கள்.

“அம்மா வந்தா வாரேன் டீச்சர்.”

பெரியோர்களே, நீங்களும் கேட்டீர்கள். அம்மா வந்தா வாரேன். எனக்காக நின்று நின்று நடந்த பிள்ளை சொல்கிறாள். ரத்தத்தைக் கண்டு கை நடுங்காத பிள்ளை சொல்கிறாள். அன்று ஒலிபெருக்கியில் அவள் சொன்னதை வாய் மட்டும் சொன்னது என்று இத்தனை மாதமாக நான் நம்பிக்கொண்டிருந்தேன். அவள் சொன்ன சொல் காப்பாற்றுகிற பிள்ளை. காப்பாற்றிவிட்டாள். உட்கார் அம்மா, உன்மேல் ஒரு குறையும் இல்லை.

ஆனந்தவல்லி அம்மா, நான் தயாரித்து வந்த உரை முடிந்துவிட்டது. இனி உங்களிடம் மட்டும் ஒன்று. யாரும் வரக்கூடாது என்று சொல்லத்தான் இங்கே வந்தேன். இப்போது கெஞ்சிக் கேட்கிறேன், நீங்கள் வாருங்கள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு வத்திராயிருப்பில் பஸ்ஸை விட்டு இறங்குங்கள். கரையில் அவளோடு நடங்கள். பாதி வழியில், கால் வலிக்கிறது என்றோ, மூச்சு வாங்குகிறது என்றோ சொல்லி, கையை விட்டுவிட்டு உட்கார்ந்துவிடுங்கள். பெற்ற பிள்ளையிடம் பொய்தான் சொல்லச் சொல்கிறேன். அவள் கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்ப்பாள். அப்போது கூப்பிட்டுவிடாதீர்கள் அம்மா. கையைக்கூட ஆட்டாதீர்கள். அவள் மேலே நடப்பாளா, உங்கள் மடிக்கே ஓடி வந்துவிடுவாளா, எனக்குத் தெரியாது. வந்துவிடுவாள் என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் உட்கார்ந்து பாருங்கள்.

கடிகாரத்தைப் பொறுத்துக்கொண்ட தலைவர் அவர்களுக்கும், காலமெல்லாம் என்னைப் பொறுத்துக்கொண்டிருக்கும் இந்த ஊருக்கும், நாற்காலியில் உட்கார்ந்தே இத்தனை தூரம் என்னோடு வந்த உங்கள் எல்லாருக்கும் என் நன்றி. நான்காவது வரிசையில் தாயின் கையை இன்னும் விடாமல் இருக்கும் என் அணித்தலைவிக்கு, ஒரு படைத்தலைவியின் வணக்கம்.